மொறாவிய மன்னன் றஸ்திஸ்லாவும் சிலாவிய எழுத்தும்

ஐரோப்பாவின் வடபாலிலும் கீழ்பாலிலும் வாழ்ந்த மக்கட் கூட்டங்கள் கிறித்து சமயத்தைத் தழுவிய வரலாறு பெரும்பாலும் அரசர் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அரசன் ஞானஸ்நானம் பெறுவான். படைத்தலைவர் அவனைப் பின்பற்றுவர். குடிகள் அவர்களைப் பின்பற்றுவர். போலந்து மன்னன் மியெஸ்கோ 966 ஆம் ஆண்டிலும் கீயெவ் மன்னன் விளாடிமிர் 988 ஆம் ஆண்டிலும் செய்தவை இவ்வகையினவே. இவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் மத்திய ஐரோப்பாவில் ஆண்ட றஸ்திஸ்லாவ் என்னும் சிலாவிய மன்னன் இவ்வரிசையில் அடங்காதவன். அவன் தன் மக்களைப் புதிய சமயத்துக்கு மாற்றியவன் அல்லன்; அவர்களிற் பலர் முன்னரே மாறியிருந்தனர். அவன் வேண்டியது, அச்சமயத்தைத் தன் மக்களின் மொழியில் விளக்கவல்ல ஓர் ஆசிரியனை மட்டுமே. சிறியதெனத் தோன்றும் அவ்வேண்டுகோள் உரோமாபுரியையும் கொன்ஸ்தந்திநோப்பிளையும் பிராங்கர் அரசவையையும் கால் நூற்றாண்டு காலம் பிணக்கில் ஆழ்த்தியது. வேண்டிய மன்னன் தன் கண்களை இழந்தான். ஆயினும் கிழக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி எழுத்தறிவு பெற்றது அவ்வேண்டுகோளின் பயனாகவே என்பதை இக்கட்டுரையிற் காட்டுவாம்.

மொறாவியா என்பது இன்றைய செக் குடியரசின் கீழ்ப்பகுதியிலும் சிலோவாக்கிய நாட்டிலும் மொறாவா ஆற்றை அடுத்துப் பரந்திருந்த அரசாகும். ஏறக்குறைய 830 ஆம் ஆண்டளவில் மொய்மிர் என்பான் அங்குள்ள சிலாவியக் குடிகளை ஒன்றாக்கினான். மேற்கே பிராங்கரின் பேரரசு இருந்தது. சார்ள்ஸ் பெருமன்னனின் பேரனாகிய ஜேர்மானிய லூயி அதன் கீழ்ப்பாகத்தை ஆண்டான். அவன் 846 ஆம் ஆண்டிற் படையொடு புகுந்து மொய்மிரை நீக்கி, மொய்மிரின் மருகனாகிய றஸ்திஸ்லாவை அரசுக்கட்டிலில் ஏற்றினான். தன்னால் முடிசூட்டப்பெற்றவன் தனக்கு அடங்கி நடப்பான் என்பது லூயியின் எண்ணம். அவ்வெண்ணம் பத்தாண்டு கூட நிலைக்கவில்லை. 855 ஆம் ஆண்டில் லூயி மீண்டும் படையெடுக்க நேர்ந்தது. றஸ்திஸ்லாவின் அரணைத் தகர்க்க இயலாமல் அவன் திரும்பினான்; மொறாவியர் அவனைத் தொடர்ந்து சென்று தன்யூப்பு நதிக்கு அப்பாலும் கொள்ளையிட்டனர்.

வாளால் அடக்க இயலாத நாட்டை வேறொரு வழியால் அடக்கலாம் என்பதைப் பிராங்கர் நன்கு அறிந்திருந்தனர். அவ்வழி திருச்சபையாகும். பவேரிய நாட்டுப் பாசவ், சால்ஸ்பேர்க் நகரங்களின் மேற்றிராணிமார் தன்யூப்பு நதிக்கரையின் சிலாவிய நிலங்களைத் தமக்குரிய மறைமாவட்டங்களாகக் கொண்டனர். அவர்கள் அனுப்பிய குருமார் மொறாவியாவிற் கோயில் எழுப்பினர், ஞானஸ்நானம் கொடுத்தனர். அவர்களுட் பற்றுடையோரும் இருந்திருப்பர். அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அக்காலத்து மேற்றிராணியார் வெறுஞ் சமயாசாரியர் அல்லர். நிலமுடைய பிரபு, அரசனின் மந்திரி, வேண்டுமிடத்துப் படைத்தலைவரும் ஆவர். மேற்றிராணியார் எவருக்குக் கட்டுப்பட்டவரோ அவருக்கே அக்கோயிலும் கட்டுப்பட்டது. தனக்கென ஒரு மேற்றிராணியார் இல்லாத நாடு பிறருடைய நாட்டின் ஒரு மூலையாகவே கருதப்பட்டது.

மக்கள் நிலை வேறு. பூசை இலத்தீனில் நடந்தது. வேதாகமம் இலத்தீனில் இருந்தது. வந்த குருமார் வீட்டிற் பேசியது ஜேர்மன் மொழி. அடிப்படைச் செபங்கள் சிலவற்றைச் சிலாவிய மொழியிற் சொல்லிக் கொடுக்க அவர்கள் முயன்றதுண்டு. எனினும் அம்மொழிக்கு எழுத்து இல்லை; எழுத்தின்மையால் நூல் இல்லை; நூலின்மையால் உள்நாட்டு ஆசிரியர் உருவாகவும் வழியில்லை. 852 ஆம் ஆண்டில் மைன்ஸ் நகரிற் கூடிய பிராங்க மேற்றிராணிமார் சபை மொறாவியரின் கிறித்துவத்தைப் பண்படாத ஒன்றாகக் குறிப்பிட்டது. பண்படாமைக்குக் காரணம் கற்பித்தோரா கற்றோரா என்பதை அச்சபை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இந்நிலையில் றஸ்திஸ்லாவ் முதலில் உரோமாபுரியை நாடினான். பாப்பரசர் முதலாம் நிக்கொலஸிடமிருந்து அவன் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. எனவே 862 ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தந்திநோப்பிளுக்குத் தூதனுப்பினான். அங்கே மூன்றாம் மைக்கேல் பேரரசனாகவும், பேரறிஞர் போட்டியஸ் திருச்சபைத் தலைவராகவும் இருந்தனர். தூதின் சாரத்தைப் பழைய சிலாவிய மொழியில் எழுந்த இரு வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. தன் மக்கள் பழைய வழிபாட்டை விட்டுக் கிறித்துவ நெறியிற் செல்கின்றனர் என்றும், இத்தாலியிலிருந்தும் கிரேக்க நாட்டிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்த ஆசிரியர் பலர் பலவாறாகக் கற்பிக்கின்றனர் என்றும், மெய்ப்பொருளைத் தங்கள் மொழியிலே எடுத்துரைக்கும் ஒருவரை, மேற்றிராணியாராகவும் ஆசிரியராகவும் அனுப்ப வேண்டும் என்றும் அவன் கேட்டான்.

இது பத்தியா, அரசியலா? வரலாற்றாசிரியர் இதனை நெடுங்காலம் விவாதித்துள்ளனர். இரண்டையும் பிரித்து நிறுத்துவது நம் காலத்தவரின் வழக்கம். ஒன்பதாம் நூற்றாண்டு மன்னனுக்கு அப்பிரிவு தோன்றியிராது. எமக்குத் தோன்றுவது இதுவே: றஸ்திஸ்லாவ் மேற்றிராணியாரைக் கேட்டது அரசியல், மொழியைக் கேட்டது அரசியலிலும் ஆழமானது. பவேரியரின் பிடியை நீக்குவதே குறிக்கோளாயின், கிரேக்க மொழியிற் பூசை செய்யும் கிரேக்கக் குருமாரே போதுமானவர். தன் மக்கள் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் நினைவு அவனுள்ளத்தில் இருந்திராவிடின் அந்த ஒரு நிபந்தனை தூதில் இடம் பெற்றிராது.

அக்காலத்தில் இதே விளையாட்டை ஆடிய மற்றொரு மன்னனும் இருந்தான். பல்கேரியாவை ஆண்ட போறிஸ் கொன்ஸ்தந்திநோப்பிளுக்கு அண்டை வீட்டான், பிராங்கருக்குத் தூரத்தான். அவன் ஞானஸ்நானத்தைப் பிராங்கரிடமிருந்து பெற நாடினான். பிராங்கருக்கு அண்டையிலிருந்த றஸ்திஸ்லாவோ கொன்ஸ்தந்திநோப்பிளை நாடினான். ஞானத்தை அயலானிடம் பெற்றால் அவன் ஆணையும் உடன் வரும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். லூயியும் போறிஸும் மொறாவியாவுக்கு எதிராகக் கைகோத்தபோது, பேரரசன் மைக்கேல் மொறாவியத் தூதரை மகிழ்ந்து வரவேற்றதில் வியப்பில்லை.

மைக்கேல் தெரிந்தெடுத்தவர் உடன்பிறந்தார் இருவர், தெசலோனிக்கா நகரத்தவர். மூத்தவராகிய மெதோடியஸ் ஒரு சிலாவிய மாகாணத்தின் ஆளுநராயிருந்து, பின்னர் பதவியைத் துறந்து ஒலிம்பு மலை மடத்திற் சேர்ந்தவர். இளையவராகிய கொன்ஸ்தந்தைன் மெய்யியல் கற்பித்தவர், பன்மொழி அறிந்தவர், கசார் நாட்டுக்குத் தூது சென்று மீண்டவர். தெசலோனிக்காவைச் சூழ்ந்து சிலாவியர் நெருக்கமாக வாழ்ந்தமையால் அந்நகரத்தார் அனைவரும் சிலாவிய மொழியைச் செவ்வனே பேசுவர் எனப் பேரரசன் அவர்களுக்கு நினைவூட்டினான். கொன்ஸ்தந்தைன் உடனே இசையவில்லை. அம்மொழிக்கு எழுத்து உண்டா என்று வினவினார். தன் பாட்டனும் தந்தையும் தேடியும் கிடைக்கவில்லை என்றான் அரசன். எழுத்தில்லா மொழியிற் கற்பிப்பது நீர்மேல் எழுதுவதை ஒக்கும் என்றும், புதிதாக எழுத்தை ஆக்கினால் பழிச்சமயத்தான் என்ற பெயர் வரும் என்றும் அவர் மறுமொழி கூறினாராம். இரண்டாவது அச்சம் எத்துணைப் பொருத்தமானது என்பது பின்னர் விளங்கும்.

கொன்ஸ்தந்தைன் ஆக்கிய எழுத்து, இன்று உருசியரும் பல்கேரியரும் எழுதும் சிறிலிக் எழுத்தன்று. அதற்கு முந்திய கிளகோலித்திக் என்பதே என ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலார் கொள்வர். கிளகோல் என்றால் சிலாவிய மொழியிற் சொல் என்பது பொருள். வட்டங்களும் முக்கோணங்களும் பிணைந்த அவ்வடிவங்கள் கிரேக்க எழுத்தைப் போலவும் இல்லை, இலத்தீன் எழுத்தைப் போலவும் இல்லை. வடிவத்தினும் போற்றத்தக்கது அதன் ஒலிக்கணக்கு. சிலாவிய மொழியில் மூக்கின்வழி ஒலிக்கும் உயிர்களும், மிகக் குறுகி ஒலிக்கும் உயிர்களும், கிரேக்கத்தில் இல்லாத சகர வகை ஒலிகள் பலவும் உள. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி அமைந்தது. இக்கட்டுரையில் வரும் பெயர்களைத் தமிழெழுத்தில் அமைக்க முயன்ற எமக்கு, ஒரு மொழியின் ஒலிகளை வேற்றுமொழியின் எழுத்துக்குள் அடக்குவதில் உள்ள இடர் ஓரளவு புலப்பட்டது. கொன்ஸ்தந்தைன் அடக்க முயலவில்லை. மொழிக்கு ஏற்ற எழுத்தைத் தந்தார்.

எழுத்து அமைந்தபின் மொழிபெயர்ப்புத் தொடங்கியது. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முதல் வசனமே முதலில் எழுதப்பட்டது என்பர். சொல்லைப் பற்றிய அவ்வசனத்திலிருந்து தொடங்கியது தற்செயலன்று. உழவும் வேட்டையும் போரும் பேசிப் பழகிய மொழியில் நுண்பொருட் சொற்கள் அரியவை. கிரேக்கச் சொல்லின் பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரான சிலாவியச் சொல்லைக் கண்டு, மீண்டும் இணைத்துப் புதுச்சொற்களை அவர்கள் ஆக்கினர். கடவுளைக் குறிக்கும் போக் என்னும் சொல்லும் ஸ்லோவோ என்னும் சொல்லும் சேர்ந்து இறையியலுக்குரிய சொல்லாயிற்று. விஞ்ஞான பாடங்களுக்குத் தமிழிற் கலைச்சொற்கள் ஆக்கப்பட்ட வரலாற்றை அறிந்தார்க்கு இம்முறை புதிதன்று.

863 ஆம் ஆண்டில் உடன்பிறந்தார் இருவரும் மொறாவியா சேர்ந்தனர். றஸ்திஸ்லாவ் அவர்களைச் சிறப்புடன் வரவேற்று மாணாக்கரைத் திரட்டிக் கொடுத்தான். நாற்பது மாதங்கள் அவர்கள் அங்குத் தங்கினர் என்பது கொன்ஸ்தந்தைனின் வரலாறு தரும் கணக்கு. அந்நாற்பது மாதமும் அமைதியாகக் கழிந்தன அல்ல. 864 ஆம் ஆண்டில் லூயி தேவீன் கோட்டையை முற்றுகையிட்டு றஸ்திஸ்லாவைப் பணியவைத்தான். பவேரியக் குருமார் வெளியேறவுமில்லை, வாளாவிருக்கவுமில்லை. அவர்கள் எழுப்பிய தடை எளியது, எளியதாகையால் வலியது. இறைவனைத் துதிக்கத் தகுந்த மொழிகள் மூன்றே, அவை எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்றனர். சிலுவையின் மேற் பிலாத்து எழுதுவித்த பலகையில் இருந்தவை அம்மூன்று மொழிகளே என்பது அவர்கள் காட்டிய ஆதாரம். கொன்ஸ்தந்தைன் அவர்களுக்குப் பிலாத்துவின் சீடர் எனப் பெயரிட்டார். கொலைத்தீர்ப்பு அளித்தவனைச் சமய ஆசானாகக் கொள்வோர் என்னும் குத்தல் அப்பெயரில் உண்டு.

மாணாக்கரைக் குருமாராக அபிடேகம் செய்ய மேற்றிராணியார் வேண்டும். உடன்பிறந்தாருள் எவரும் அப்பதவியில் அப்போது இல்லை. எனவே 867 ஆம் ஆண்டில் அவர்கள் மாணாக்கருடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். வழியிற் பலத்தன் ஏரிக்கரையில் ஆண்ட கொட்செல் என்னும் சிலாவியச் சிற்றரசன் அவர்களை நிறுத்தித் தானும் அவ்வெழுத்தைக் கற்றான். ஏறக்குறைய ஐம்பது மாணாக்கரை ஒப்புவித்தான். இவனுடைய தந்தை பிரிபினா மொறாவியராற் கொல்லப்பட்டவன் என்பதை நினைந்தால் இச்செய்தியின் அருமை விளங்கும். குலப்பகையையும் கடந்து அவ்வெழுத்து அவனை ஈர்த்தது. கொன்ஸ்தந்தைன் றஸ்திஸ்லாவிடமோ கொட்செலிடமோ பொன்னும் வெள்ளியும் பெறவில்லை. சிறைப்பட்டோர் தொளாயிரவரின் விடுதலையையே வேண்டிப் பெற்றார் என்று அவர் வரலாறு கூறுகின்றது.

வெனிஸ் நகரில் இலத்தீன் குருமார் அவரைச் சூழ்ந்து வாதிட்டனர். அவரது விடையின் கருத்து இது: மழை எல்லார்மேலும் பெய்கின்றது, ஞாயிறு எல்லார்க்கும் ஒளி தருகின்றது, காற்றை எல்லாரும் சுவாசிக்கின்றனர், மூன்று மொழியினர் தவிர ஏனையோர் குருடராயும் செவிடராயும் இருக்க இறைவன் விதித்தானோ? பின்னர் ஆர்மேனியர், பாரசீகர், ஐபீரியர், கொத்தர், எகிப்தியர், சிரியர் எனத் தத்தம் மொழியில் வழிபடும் மக்களை வரிசைப்படுத்திக் காட்டினார். விளங்காத மொழியிற் பேசுதல் பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதையும் எடுத்துக்காட்டினார். உணர்ச்சியுரையன்று இது, சான்றுகளை அடுக்கி நிறுத்திய வாதமாகும்.

உரோமாபுரியில் எதிர்பாராத வரவேற்புக் கிடைத்தது. நிக்கொலஸ் இறந்திருந்தார், பாப்பரசர் இரண்டாம் அட்ரியன் எதிர்கொண்டு வந்தார். பண்டைய பாப்பரசராகிய கிளெமெந்துவின் என்புகளென நம்பப்பட்டவற்றைக் கொன்ஸ்தந்தைன் கருங்கடற் கரையிற் கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்தார். அது நகரத்தாரின் அன்பைப் பெற்றுத் தந்தது. ஆயின் அட்ரியனுக்கு வேறு கணக்கும் இருந்தது. பவேரிய மேற்றிராணிமார் கேளாமற் பரப்பிக்கொண்ட எல்லையை மீட்டு, தன்யூப்பு நாடுகளை நேரே உரோமாபுரியின் கீழ்க் கொணர இதுவே தருணம். சிலாவிய நூல்கள் சாந்தா மரியா பேராலயத்துப் பீடத்தில் வைக்கப்பட்டு ஆசி பெற்றன. புனித பேதுரு ஆலயத்திலேயே சிலாவிய மொழியிற் பூசை நடந்தது. எழுத்துப் பிறந்து ஐந்தாண்டு நிறைவதற்கு முன்னர், எழுத்தற்ற மொழியெனப்பட்டது மேற்குலகின் தலையாய ஆலயத்தில் ஒலித்தது.

கொன்ஸ்தந்தைன் மொறாவியாவுக்கு மீளவில்லை. நோயுற்று, துறவறம் பூண்டு, சிறில் என்னும் பெயரேற்று, 869 ஆம் ஆண்டு பெப்ருவரி 14 ஆம் நாள் நாற்பத்திரண்டாம் வயதில் இறந்தார். இறக்குமுன் தமையனை நோக்கி, நாம் இருவரும் ஒரே நுகத்தில் ஒரே சால் உழுத எருதுகள், நான் சாலிலே வீழ்கின்றேன், நீ மலை மடத்தின்மேல் உள்ள ஆசையாற் கற்பித்தலைக் கைவிடாதே என்னும் கருத்துப்படக் கூறினார் என்பர். அவர் உடல் உரோமாபுரியிற் புனித கிளெமெந்து ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. மெதோடியஸ் அதிமேற்றிராணியாராக அபிடேகம் பெற்று வடக்கே திரும்பினார்.

அவர் திரும்பிய வேளை றஸ்திஸ்லாவின் வீழ்ச்சி வேளையாயிற்று. அவனுடைய மருகன் ஸ்வத்தோப்புளுக் 870 ஆம் ஆண்டில் லூயியின் மகன் கார்லொமானுடன் இரகசியமாக உடன்பட்டான். அதனை அறிந்த றஸ்திஸ்லாவ் விருந்தொன்றில் மருகனைக் கொல்ல எண்ணினான் என்று பிராங்கர் ஆண்டுக்குறிப்பு எழுதுகின்றது. எச்சரிக்கை பெற்ற மருகன், வல்லூறு விட்டு வேட்டையாடச் செல்வான் போலப் புறஞ்சென்று, தேடிவந்த மாமனைப் பிடித்துக் கார்லொமானிடம் ஒப்புவித்தான். றெகன்ஸ்பேர்க் நகரிற் பிராங்கர், பவேரியர், சிலாவியர் ஆகியோர் அடங்கிய மன்று அவனுக்கு மரணதண்டனை விதித்தது. லூயி அதனைக் குறைத்துக் கண்களைப் பறிக்கச் செய்தான். அதன்பின் அவன் பெயர் வரலாற்றில் இல்லை. ஒரு மாமனை நீக்கி மருகனை ஏற்றிய லூயி, அம்மருகனை அவன் மருகனைக் கொண்டே வீழ்த்தினான் என்பது நோக்கத்தக்கது.

மன்னனுக்கு நேர்ந்தது அவன் ஆசிரியருக்கும் நேர்ந்தது. அதே ஆண்டில் பவேரிய மேற்றிராணிமார் மெதோடியஸைப் பிடித்து அரசன் முன்னிலையில் விசாரித்தனர். எம் எல்லைக்குட் கற்பித்தாய் என்பது குற்றச்சாட்டு. வாதத்தில் அவர் வியர்த்ததைக் கண்டு, அடுப்பருகே நின்றவர் போல வியர்க்கின்றாரே என்றானாம் அரசன். வியர்த்த மெய்யியலாளர் ஒருவரை ஏன் வியர்த்தீர் என்று கேட்டபோது, அறிவிலாரோடு வாதிட்டேன் என்றாராம் என மெதோடியஸ் பதிலளித்தார். பாசவ் மேற்றிராணியார் எர்மன்றிக் அவரைக் குதிரைச் சவுக்கால் அடிக்க முயன்றார் என்பதைப் பிற்காலப் பாப்பரசரின் கடிதமே கண்டிக்கின்றது. இரண்டரை ஆண்டு அவர் ஜேர்மானிய மடத்திற் சிறையிருந்தார். 873 ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் யோவான் கடுமையாகத் தலையிட்ட பின்னரே விடுதலை பெற்றார்.

ஸ்வத்தோப்புளுக் ஆட்சியில் மொறாவியா முன்னில்லாத பரப்பை அடைந்தது. ஆனால் அவன் போர்வீரனேயன்றி மாமனைப்போல மொழியில் நாட்டமுடையவன் அல்லன். அவையினர்க்கு இலத்தீன் பூசையே பெருமையாகத் தோன்றியது. யோவான் 880 ஆம் ஆண்டில் எழுதிய திருமுகம் இரு தரப்பையும் அணைக்க முயன்றது. முதன்மையான மூன்று மொழிகளை ஆக்கியவனே ஏனை மொழிகளையும் ஆக்கினான் என்னும் கருத்தால் சிலாவிய பூசைக்கு அது இசைவளித்தது. சுவிசேஷம் முதலில் இலத்தீனிலும் பின் சிலாவியத்திலும் வாசிக்கப்படுக என்றது. மன்னன் இலத்தீன் பூசையை விரும்பின் அவனுக்கு அவ்வாறே நடத்துக என்றும் சேர்த்தது. இக்கடைசி வாக்கியத்தின் வழியே பகை நுழைந்தது. நித்திரா நகர மேற்றிராணியாராக நியமனம் பெற்ற விக்கிங் என்னும் ஜேர்மானியர் மெதோடியஸுக்குக் கீழிருந்துகொண்டே அவருக்கு எதிராக உழைத்தார்.

மெதோடியஸ் எஞ்சிய காலத்தைப் பெயர்ப்புப் பணியிற் செலவிட்டார். விரைந்தெழுதும் குருமார் இருவரைத் துணைக்கொண்டு, மக்கபேயர் நூல் நீங்கலாக வேதாகமம் முழுவதையும் பெயர்த்தார் என்பர். 885 ஆம் ஆண்டு ஏப்பிரில் 6 ஆம் நாள் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கு இலத்தீன், கிரேக்கம், சிலாவியம் ஆகிய மூன்று மொழியிலும் நடந்தது. அம்மூன்றும் ஒருங்கே ஒலித்தது அந்நாட்டில் அதுவே கடைசி எனலாம். புதிய பாப்பரசர் ஐந்தாம் ஸ்தேவான் சிலாவிய பூசையைத் தடைசெய்தார். மாணாக்கர் சிலர் விலங்கிடப்பட்டுத் துரத்தப்பட்டனர். இளையோர் சிலர் அடிமைகளாக வெனிஸ் சந்தைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஆசிரியர் வாதில் வென்ற நகரிலே மாணாக்கர் விலைப்பட்டனர்.

கிளெமெந்து, நவும் முதலிய சிலர் தன்யூப்பு வழியே தெற்கு நோக்கித் தப்பினர். அவர்களைக் கைநீட்டி ஏற்றவன், முன்னர் மொறாவியாவுக்கு எதிராகப் பிராங்கரோடு கூடிய அதே போறிஸ். இடைக்காலத்தில் அவன் நிலை மாறியிருந்தது. கொன்ஸ்தந்திநோப்பிளின் படை நெருக்கியமையால் 864 ஆம் ஆண்டில் அங்கிருந்தே ஞானஸ்நானம் பெற்றான். எதிர்த்துக் கிளர்ந்த பிரபுக்கள் ஐம்பத்திருவரைக் குடும்பத்தோடு கொன்றான். உரோமாபுரிக்கு வினாக்கள் விடுத்தான். பாப்பரசர் நிக்கொலஸ் 866 ஆம் ஆண்டில் அவற்றுக்கு 106 விடைகள் எழுதினார். காற்சட்டை அணியலாமா, கொடியில் குதிரைவாலுக்குப் பதில் யாது, புதன் வெள்ளியில் நீராடலாமா என்பன அவ்வினாக்களுட் சில. நகைப்பதற்குரியன அல்ல இவை. வாழ்க்கை முழுவதும் மாறும்போது எது மாறவேண்டும், எது மாறவேண்டியதில்லை என்று அறிய விரும்பிய ஒருவனின் கேள்விகள். இறுதியில் 870 ஆம் ஆண்டில் அவன் கிழக்குத் திருச்சபையோடு சேர்ந்தான். கோயில்களிற் கிரேக்கக் குருமார் நிறைந்தனர். றஸ்திஸ்லாவ் பவேரியரிடம் கண்ட அச்சத்தை அவன் இப்போது கிரேக்கரிடம் கண்டான். அவ்வேளையில் ஆயத்தமான நூல்களோடும் பயின்ற நாவோடும் அகதிகள் வாயிலில் வந்து நின்றனர்.

கிளெமெந்து ஓகிரித் ஏரியைச் சார்ந்த பகுதியில் மூவாயிரத்தைந்நூறு மாணாக்கரைப் பயிற்றினார் என அவர் வரலாறு கூறும். போறிஸின் மகன் சிமியோன் 893 ஆம் ஆண்டில் அரசேற்றபின் பிறெஸ்லாவ் நகர் கல்வி நிலையமாயிற்று. கிரேக்க எழுத்தின் வடிவைத் தழுவி, அதில் இல்லாத ஒலிகளுக்குக் கிளகோலித்திக் குறிகளைத் துணைக்கொண்டு அங்கே உருவான எழுத்தே சிறிலிக். தாம் ஆக்காத எழுத்துக்குச் சிறிலின் பெயர் நிலைத்தது. கிறபர் என்னும் துறவி எழுத்துக்கள் பற்றி ஒரு சிறுநூல் இயற்றி, கிரேக்க எழுத்தைப் பலர் பல காலமாக ஆக்கினர், சிலாவிய எழுத்தையோ ஒருவரே சில ஆண்டில் ஆக்கினார் என வாதிட்டார். வாதிட வேண்டியிருந்தது என்பதாலேயே பகைமை பல்கேரியாவிலும் ஓயவில்லை என அறியலாம்.

விளாடிமிர் 988 ஆம் ஆண்டிற் கீயெவ் மக்களை நதியில் இறக்கியபோது, அவர்களுக்கு விளங்கும் மொழியில் நூல்கள் முன்னரே நூறாண்டுப் பழக்கம் பெற்றிருந்தன. அவன் பெற்ற வெற்றியின் விரைவுக்கு இது பெருங்காரணம். மொறாவிய அரசோ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகியர் படையெடுப்பால் அழிந்தது. பொகீமியாவின் சாசவா மடத்திற் சிலாவிய வழிபாடு பதினோராம் நூற்றாண்டின் இறுதி வரை ஒதுங்கி வாழ்ந்தது. குரோவாசிய நாட்டுச் சென் நகர மேற்றிராணியாருக்குப் பாப்பரசர் நான்காம் இன்னொசெந்து 1248 ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி அளித்தார். உரோமத் திருச்சபை முழுமைக்கும் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது 1963 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இயற்றிய விதியாலாகும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் இலத்தீன் பூசை தமிழ்ப் பூசையாக மாறியதும் அதன் பின்னரே.

மொறாவா ஆற்றங்கரை மிக்குல்சீத்சே என்னுமிடத்தில் 1954 ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில், ஒன்பதாம் நூற்றாண்டுக் கோட்டையும் கற்கோயில்களின் அத்திவாரங்களும் வெளிப்பட்டன. செக், சிலோவாக்கிய நாடுகள் யூலை 5 ஆம் நாளைச் சிறில், மெதோடியஸ் நினைவாக விடுமுறையாகக் கொள்கின்றன. பல்கேரியா மே 24 ஆம் நாளைக் கொள்கின்றது. ஆசிரியர்க்கு விழாவெடுத்தவர்கள் அவர்களை அழைத்த மன்னனை நெடுங்காலம் நினைக்கவில்லை. செக், சிலோவாக்கிய நாடுகளின் கிழக்குத் திருச்சபை றஸ்திஸ்லாவைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது 1994 ஆம் ஆண்டில், அவன் கண்ணிழந்து 1124 ஆண்டுகள் கழிந்த பின்னராகும்.